கண்ணளவும் கல்லளவும்: மிஃமார் சினானும் நம் பள்ளிவாசல்களும்



பள்ளிவாசல் கட்டும் பேச்சு எழுந்தவுடன் இன்று நம்மிடையே முதலில் கேட்கப்படும் கேள்வி, "மினாரா எத்தனை அடி?" என்பதுதான். மண்ணாடிப்பட்டு கொம்யூனின் கரும்புத் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் இடையே அமைந்த சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல. நாற்பது ஐம்பது வீடுகள் கொண்ட ஒரு ஜமாஅத் பழைய ஓட்டுப் பள்ளியை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட எண்ணும்போது, வரைபடத்தில் முதலில் இடம்பிடிப்பவை வானளாவிய மினாராவும் பெரிய கும்மட்டமுமே. எத்தனை பேர் தொழுவார்கள், முழங்கால் வலியுள்ள முதியவர் எங்கே அமர்ந்து உளூச் செய்வார், மாலையில் ஓத வரும் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்பன பின்னரே வருகின்றன. பல வேளைகளில் அவற்றின் முறை வருவதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது.

அழகாகக் கட்டுவது தவறென்று நாம் சொல்லவில்லை. எது அழகு, எது அளவு என்பதைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்திருக்கின்றனர். அச்சிந்தனையின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது, செங்கல் வாங்குவதற்கு முன் நாம் செய்யவேண்டிய வேலை என்றே கருதுகிறோம்.

மதீனாவின் அளவுகோல்

நம் பள்ளிவாசல்கள் அனைத்திற்கும் முன்மாதிரி மதீனாவின் மஸ்ஜிதுந் நபவீ. ஹிஜ்ரி முதலாம் ஆண்டில் (கி.பி. 622) அது எழுந்தது. பச்சைச் செங்கல் சுவர், பேரீச்ச மரத்தூண், பேரீச்ச ஓலைக்கூரை, அவ்வளவே. நீள அகலம் ஏறத்தாழ 70 முழமும் 60 முழமும். மழைக் காலத்தில் கூரை ஒழுகியதையும், ஈரமண்ணில் ஸுஜூது செய்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருநெற்றியில் சேற்றின் அடையாளம் தெரிந்ததையும் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

அந்தப் பள்ளி வளராமல் இருந்துவிடவில்லை. தொழுவோர் பெருகியதால், ஹிஜ்ரி 7இல் கைபருக்குப் பின்னர் ஏறத்தாழ 100 முழச் சதுரமாக அது விரிவாக்கப்பட்டது. ஹிஜ்ரி 17இல் உமர் (ரலி) அவர்கள் மேலும் விரிவாக்கினார்கள். மக்களை மழையிலிருந்து காக்கும்படி கட்டுமாறும், சிவப்பு மஞ்சள் வண்ணங்களைப் பூசித் தொழுவோரின் கவனத்தைச் சிதறடிக்க வேண்டாமென்றும் அவர்கள் கட்டுநருக்கு அறிவுறுத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஹிஜ்ரி 29இல் உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லாலும் சுண்ணத்தாலும் சுவர் எழுப்பி, தேக்கு மரத்தால் கூரை அமைத்தார்கள்.

இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஆட்கள் கூடியபோது பள்ளி அகன்றது. வசதி கூடியபோது பொருள் உறுதியானது. தொழுவோரின் எண்ணிக்கையும் தேவையுமே அளவுகோலாக இருந்தன. அயலூரின் கட்டடத்தைவிட இது உயரமா என்ற ஒப்பீட்டுக்கு அங்கு இடமிருக்கவில்லை.

கண் எவ்வாறு அளக்கிறது?

ஒரு பொருள் பெரிதாகத் தோன்றுவதும் அது உண்மையில் பெரிதாக இருப்பதும் வெவ்வேறு. இந்த வேறுபாட்டை முறையான அறிவியலாக ஆக்கியவர்களில் தலையாயவர் ஒரு முஸ்லிம் அறிஞர். பஸராவில் கி.பி. 965 அளவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம் அவர்களே அவர். 1011க்கும் 1021க்கும் இடையே அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்களைக் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார்.

கட்டடம் கட்டுவோர்க்கு அந்நூலில் மற்றொரு பாடமும் உண்டு. ஒரு பொருள் கண்ணில் உண்டாக்கும் கோணத்தை மட்டும் வைத்து அதன் பருமனை நாம் உணர்வதில்லை. அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற மனத்தின் கணிப்பையும் சேர்த்தே உணர்கிறோம் என்றார் அவர். அடிவானத்தில் எழும் நிலவு, உச்சி வானத்து நிலவைவிடப் பெரிதாகத் தோன்றுவது ஏன் என்பதையும் இவ்வாறே விளக்கினார். இடையில் மரமும் வீடும் நிலமும் இருப்பதால் அடிவானம் மிகத் தொலைவென்று மனம் கொள்கிறது. அதனால் நிலவைப் பெரிதென்று முடிவுகட்டுகிறது. இந்நூல் லத்தீன் மொழிக்குச் சென்று, ஐரோப்பாவில் பார்வையியல் கற்றோர்க்குப் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது.

ஆகவே ஒரு கட்டடத்தின் பெருமை அடிக்கணக்கில் மட்டும் இல்லை. அதைச் சுற்றி என்ன இருக்கிறது, எங்கிருந்து நாம் அதைப் பார்க்கிறோம் என்பவையும் அதனோடு சேர்ந்தவை. இதைக் கல்லில் எழுதிக் காட்டியவர் மிஃமார் சினான்.

ஒரு கட்டடக் கலைஞரின் தன்வரலாறு

மிஃமார் என்றால் கட்டடக் கலைஞர். சினான், துருக்கியின் கைஸரி நகருக்கு அருகிலுள்ள அக்ர்னாஸ் என்னும் ஊரில் 1490 அளவில் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர். உதுமானியப் படைப்பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, இஸ்லாத்தில் வளர்ந்து, போர்வீரராகப் பல நாடுகளுக்குச் சென்றார். 1538இல் படை கடப்பதற்காகப் புரூத் ஆற்றின் சதுப்பு நிலத்தில் பதின்மூன்றே நாள்களில் பாலம் அமைத்தார். அதையடுத்துத் தலைமைக் கட்டடக் கலைஞராகி, ஸுலைமான், இரண்டாம் ஸலீம், மூன்றாம் முராத் ஆகிய மூன்று சுல்தான்களின் காலத்தில், 1588இல் மறையும்வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். பள்ளிவாசல், மதரஸா, பாலம், நீர்க்கால்வாய், மருத்துவமனை, குளியலகம் என அவர் பெயரால் வழங்கும் கட்டடங்கள் நூற்றுக்கணக்கானவை.

அக்காலக் கட்டடக் கலைஞர்களில் தம் தொழிலைப் பற்றிய எண்ணங்களை விட்டுச் சென்றவர்கள் அரிது. சினான் தம் முதுமையில் நண்பரும் கவிஞருமான ஸாயீ முஸ்தஃபா செலபியிடம் தம் வாழ்வையும் பணிகளையும் கூற, அவர் அவற்றை நூலாக எழுதினார். 'தஸ்கிரதுல் புன்யான்' என்பது அவற்றுள் ஒன்று. போர்ப் பயணங்களின்போது கண்ட பழங்கட்டடங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் தாம் பாடம் கற்றதாக அதில் சினான் கூறுகிறார். படைவீரனாகச் சென்றவர் மாணவனாகத் திரும்பினார் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி.

அவருடைய மூன்று பெரும் பள்ளிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். இஸ்தான்பூலில் 1548இல் முடிந்த ஷஹ்ஸாதே பள்ளியின் குவிமாடம் 19 மீட்டர் குறுக்களவு கொண்டது. 1557இல் முடிந்த ஸுலைமானியாவின் குவிமாடம் சுமார் 26.5 மீட்டர். எதிர்னே நகரில் 1568 அளவில் தொடங்கி 1575 அளவில் நிறைவுற்ற ஸலீமியாவினுடையது 31 மீட்டருக்குச் சற்று மேல். முதலாவது கற்றுக்குட்டியின் வேலை, இரண்டாவது தேர்ந்த தொழிலாளியின் வேலை, மூன்றாவதே ஆசானின் வேலை என அவர் தம் பணிகளை மதிப்பிட்டதாக மரபுவழிச் செய்தி உண்டு.

முப்பது ஆண்டுகளில் 19 மீட்டர் 31 ஆனது. பார்வைக்கு இது எளிய கணக்கு. ஆனால் கல்லின் கணக்கு கடுமையானது. ஒரு வடிவத்தை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். தாங்கும் தூணின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கே கூடியிருக்க, சுமை எட்டு மடங்கு கூடியிருக்கும். ஆகவே சிறிய கட்டடத்தின் படத்தை அப்படியே பெரிதாக்கிப் பெரிய கட்டடம் கட்ட முடியாது. ஒவ்வோர் அளவிற்கும் அதற்குரிய அமைப்பு வேண்டும். சினான் ஷஹ்ஸாதேயில் நான்கு அரைக் குவிமாடங்களால் நடுக் குவிமாடத்தைத் தாங்கச் செய்தார். ஸுலைமானியாவில் அரைக் குவிமாடங்களை இரண்டாகக் குறைத்தார். ஸலீமியாவில் எட்டுத் தூண்களை வட்டமாக நிறுத்தி, அவற்றைச் சுவர்களை ஒட்டிக் கொண்டுசென்றார். அதனால் உள்ளே நுழைவோர் முன் தொழுமிடம் துண்டுபடாத ஒரே வெளியாக விரிகிறது.

இந்த ஸலீமியாவைப் பற்றித் தஸ்கிரா கூறும் செய்தி சுவையானது. ஆயா சோஃபியாவைப் போன்ற குவிமாடத்தை முஸ்லிம்களால் கட்ட முடியாது என்ற பேச்சு தம் நெஞ்சில் தைத்திருந்ததாகவும், ஸலீமியாவின் குவிமாடத்தை அதைவிட அகலத்திலும் ஆழத்திலும் சில முழங்கள் மிகுதியாக அமைத்துவிட்டதாகவும் சினான் அதில் பெருமை கொள்கிறார். இன்றைய அளவீடுகளின்படி அகலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தரையிலிருந்து அளந்தால் ஆயா சோஃபியாவின் உச்சி சுமார் 55 மீட்டர். ஸலீமியாவினுடையது சுமார் 42 மீட்டர். போட்டியின் கணக்கு இவ்வளவில் நிற்கிறது. ஆனால் ஸலீமியாவை உலகம் போற்றுவது அந்தச் சில முழங்களுக்காக அன்று. எந்த ஸஃப்பில் நின்றாலும் தொழுவோர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் ஒரே கூட்டமாக இருக்கும் உணர்வை அது தருகிறது, அதற்காகவே போற்றுகிறது.

மினாராக்களிலும் அவர் கண்ணின் இயல்பைக் கருதினார். எதிர்னேயில் அவருக்கு முன்பே கட்டப்பட்ட மூன்று மாடப் பள்ளியின் மினாரா கோபுரம் போலத் தடித்திருப்பதை அவர் குறிப்பிடுகிறார். ஸலீமியாவின் நான்கு மினாராக்களும் சுமார் 71 மீட்டர் உயரம் கொண்டவை. தடிமனோ சுமார் நான்கு மீட்டர்தான். அந்த மெல்லிய தண்டுக்குள், இரண்டு மினாராக்களில், ஒன்றையொன்று சந்திக்காத மூன்று தனித்தனிப் படிக்கட்டுகளைச் சுழற்றி ஏற்றியிருக்கிறார். நான்கும் குவிமாட மண்டபத்தின் நான்கு மூலைகளில் நிற்பதால், சமவெளியில் எத்திசையிலிருந்து வருவோர்க்கும் குவிமாடம் அவற்றின் நடுவே பொதிந்து தெரிகிறது.

ஸுலைமானியாவில் வேறொரு முறை. அங்கு முற்றத்தின் முன்மூலைகளில் உள்ள இரண்டு மினாராக்கள் குட்டையானவை. மண்டபத்தை ஒட்டிய இரண்டும் உயரமானவை. முன்புறமிருந்து பார்ப்பவர்க்கு அண்மையில் உள்ளவை தாழ்ந்தும் சேய்மையில் உள்ளவை உயர்ந்தும் நிற்பதால், கண் படிப்படியாக ஏறிக் குவிமாடத்தைச் சென்றடைகிறது. சேய்மை பொருளைச் சிறிதாக்கிக் காட்டும் என்னும் விதிக்கு இது ஈடுகொடுக்கிறது. நம் நாட்டுத் தாஜ்மஹாலிலும் இத்தகைய நுட்பம் உண்டு. எழுத்தணிக் கலைஞர் அமானத் கான் வரைந்த திருமறை வசனங்களில், வாயிலின் மேலே செல்லச் செல்ல எழுத்துகள் சற்றுப் பெரிதாக்கப்பட்டுள்ளன. கீழே நின்று ஓதுபவர்க்கு அவை ஒரே அளவாகத் தோன்றும்.

இத்தனை பெரிய பள்ளிகளைக் கட்டியவர், தம் தொண்ணூறாம் அகவையை ஒட்டிய காலத்தில், உஸ்குதார் கரையில் ஷம்ஸி பாஷா பள்ளியைக் கட்டினார். 1580 அளவில் எழுந்த அப்பள்ளியின் குவிமாடம் எட்டு மீட்டரளவே. கடல்நீர் மோதும் சிறிய கரை, கிப்லாவோ கரைக்கோட்டிற்குக் கோணலாக அமைகிறது. அவர் பள்ளியைக் கிப்லாவிற்கு நேராகத் திருப்பி, மதரஸாவின் அறைகளைச் சுற்றிலும் மடக்கி அமைத்து, அந்தக் கோணலையே அழகாக்கினார். அங்கே ஸலீமியாவின் குவிமாடத்தை வைக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அந்த இடத்திற்கு அது தகாது என்ற தெளிவும் இருந்தது. அவருடைய அடக்கத்தலமும் ஸுலைமானியா வளாகத்தின் ஓரத்தில், தெரு முனையில், மிகச் சிறியதாக அமைந்துள்ளது.

நம் மண்ணின் கற்பள்ளிகள்

இஸ்தான்பூலைப் பற்றிப் பேசும்போது நம் கடற்கரையை மறந்துவிடலாகாது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழம்பள்ளிகளைக் கண்டவர்கள் அவற்றின் அமைதியை மறக்கமாட்டார்கள். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளியாகட்டும், காயல்பட்டினத்துப் பெரிய பள்ளியாகட்டும், அவை கருங்கல் தூண்களின் மீது தட்டையான கற்கூரை தாங்கி நிற்பவை. உயர்ந்த மினாராவும் பெரிய குவிமாடமும் அவற்றின் மூல அமைப்பில் இல்லை. தூணின் தலையில் போதிகை, அதன் நுனியில் பூமொட்டு, உடலில் கொடியும் மலரும். உயிருள்ளவற்றின் உருவம் ஒன்றும் இல்லை.

இவை தமிழ்நாட்டுக் கற்றச்சர் மரபின் வேலைகள். அம்மரபின் தொன்மையை அறிய நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. விழுப்புரம் நெடுஞ்சாலையில் நம் கொம்யூனைக் கடக்கும் எவரும் மதகடிப்பட்டில் முதலாம் இராசராசன் காலத்துக் கற்கோயிலைக் காணலாம். அந்தக் கைத்திறன் நூற்றாண்டுகள் கடந்து வந்து நம் பள்ளிகளையும் கட்டிற்று. வழிபாடு வேறு, உளியும் முழக்கோலும் ஒன்று.

அக்கற்பள்ளிகளின் அளவைத் தீர்மானித்தது கல்லின் இயல்பே. கருங்கல் அழுத்தத்தை நன்கு தாங்கும். நீண்ட உத்தரமாகக் கிடத்தினால் நடுவில் முறியும். ஆகவே தூண்கள் நெருக்கமாக நின்றாக வேண்டும், கூரையும் தாழ்வாக அமையும். அந்தத் தாழ்வான, நிழல் செறிந்த மண்டபம் நம் வெயிலுக்கு இதமானது. அப்பள்ளிகளை எழுப்பிய மரக்காயர்கள் முத்தும் துணியும் ஏற்றிக் கடல் கடந்தவர்கள். அரபு நாடுகளையும் மலாய்த் தீவுகளையும் கண்டவர்கள். பிற நாட்டுப் பள்ளிகளின் வடிவம் அவர்கள் அறியாததன்று. இருந்தும் தம் ஊரின் கல்லுக்கும் வெயிலுக்கும் தெருவுக்கும் ஏற்ற அளவையே தேர்ந்தனர்.

பெரிய கட்டடமும் நம்மிடம் உண்டு. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1795இல் நவாப் வாலாஜாவின் குடும்பத்தார் எழுப்பிய பெரிய பள்ளிவாசல், மரமோ இரும்போ இன்றிச் சாம்பல்நிறக் கருங்கல்லால் கட்டப்பட்டது. அதன் கம்பீரத்திற்குப் பாதிக் காரணம் அதன் முன்னே விடப்பட்டுள்ள பரந்த வெளி. அந்த வெளியை அடைத்துக் கடைகள் கட்டியிருந்தால், அதே மினாராக்கள் கண்ணுக்குப் பாதியாகக் குறைந்திருக்கும்.

நம் சிற்றூர்களுக்கான கணக்கு

இனி நம் ஊர்க் கணக்கிற்கு வருவோம். ஒரு கட்டடத்தை அடி முதல் முடி வரை கழுத்தை வளைக்காமல் காண, அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவில் நிற்கவேண்டும் என்பது கட்டடக் கலைஞர்களின் பொதுவிதி. அறுபது அடி மினாராவிற்கு நூற்றிருபது அடி. நம் ஊர்த் தெருவின் அகலமோ பதினைந்து அடி. அத்தெருவில் நடப்பவர் கண்ணில் மினாராவின் அடிச்சுவர் மட்டுமே படும். நெடுஞ்சாலையிலிருந்து தெரியட்டும் என்பார்கள். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அறுபது அடி மினாரா, நீட்டிய கையின் சுண்டுவிரல் அகல உயரமே தோன்றும். இடையில் ஒரு தென்னந்தோப்பு இருந்தால் அதுவும் இல்லை. அதற்குச் செலவிட்ட பணத்தை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். கும்மட்டத்தின் குறுக்களவைப் பத்தடியிலிருந்து இருபதடியாக்கினால் பூச்சும் வண்ணமும் இரு மடங்கன்று, நான்கு மடங்கு.

மறுபக்கம் தொழுகையின் கணக்கு எளிது. ஒருவர் நிற்க இரண்டடி அகலம், ஸுஜூது செய்ய நான்கடி நீளம். ஆக எட்டுச் சதுர அடி. நூறு பேருக்கு எண்ணூறு சதுர அடி. நம் பகுதியில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. மனையின் எல்லைக்கு இணையாகச் சுவரை எழுப்பிவிட்டு, பிறகு உள்ளே ஸஃப்புகளைக் கோணலாக விரித்தால் மூலைகளில் பல இடங்கள் வீணாகும். ஷம்ஸி பாஷாவில் சினான் செய்ததுபோல், முதலில் கிப்லாவின் கோட்டைத் தரையில் கயிறு கட்டிக் குறித்து, அதன்மேல் பள்ளியை வைத்தால், எஞ்சும் முக்கோண மூலைகளில் உளூச் செய்யுமிடமும் மதரஸா அறையும் அமையும்.

ஆகவே முத்தவல்லிகளுக்கும் ஜமாஅத்தார்க்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் இது. தொழுவோரை எண்ணுங்கள், பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்தே எண்ணுங்கள். வழுக்காத தரையும் கைப்பிடியும் உட்காரும் திண்டும் கொண்ட உளூ இடத்தை வரைபடத்தில் முதலில் குறியுங்கள். மதரஸாவிற்குக் காற்றும் வெளிச்சமும் வரும் ஓர் அறையை ஒதுக்குங்கள். வாசலின் முன்னே ஒரு வேப்பமர நிழலளவேனும் வெற்றிடம் விடுங்கள். கட்டடத்திற்கு அது தரும் அழகை எந்தக் கும்மட்டமும் தராது. அதன் பின்னர் மினாராவைப் பற்றிப் பேசுங்கள். கருதும் உயரத்திற்கு ஒரு மூங்கிலை நட்டு, நுனியில் துணி கட்டி, தெருவிலும் வயல்வரப்பிலும் நின்று எல்லோரும் பாருங்கள். எவ்வளவு போதும் என்பதை ஊராரின் கண்களே சொல்லிவிடும்.

ஒரு ஜமாஅத் வீடுவீடாகத் திரட்டும் பணம் அமானிதம். அதில் கூலி வேலை செய்பவரின் ஒருநாள் ஊதியமும், கைம்பெண்ணின் சிறுவாட்டுக் காசும் கலந்திருக்கின்றன. யாவற்றையும் ஓர் அளவோடு படைத்த இறைவனின் இல்லத்தைக் கட்டுகையில், அந்தக் காசு எந்த அளவில் எங்கே செலவாகிறது என்பதற்கும் நாம் அவனிடம் பதில் சொல்லவேண்டியவர்களாக இருக்கிறோம்.

வீண்விரயமின்றியும் கஞ்சத்தனமின்றியும் அவனுடைய இல்லங்களைக் கட்டவும், கட்டியவற்றைத் தொழுகையாலும் கல்வியாலும் நிரப்பவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.